தழும்பும் மெருகும்

 

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. நெய் பூசிக் காவலில் வைக்கப்பட்ட கருவிகளைப் புகழ்வது போலச் சொல்லி, போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் கருவிகளை அவற்றுக்கு எதிரே நிறுத்துகிறார். மெருகு உணர்த்துவது எது, சிதைவு உணர்த்துவது எது என்னும் இவ்வினா, அமெரிக்காவில் பழைய படைத்துப்பாக்கிகளைத் திரட்டிப் புதுப்பிப்போரிடையே இன்று வேறொரு வடிவில் எழுகின்றது.

போருக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட துப்பாக்கிகள், புதியவை வந்ததும் மிகையாகிவிடுகின்றன. அரசுகள் அவற்றை விற்கின்றன. அமெரிக்கச் சட்டம் 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளை அரும்பொருள் வகையில் சேர்த்து, சேகரிப்போர்க்குத் தனி உரிமம் வழங்குகின்றது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின், மோசின்-நாகாந்த் என்னும் ரைபிள்கள் மிகக் குறைந்த விலைக்கு அந்நாட்டில் வந்து குவிந்தன. ரஷ்யப் படைக்கல நிறுவனங்கள் சிலவற்றின்மீது 2014 முதல் விதிக்கப்பட்ட தடைகளை அடுத்து அவ்வரவு சுருங்கிற்று.

இந்த ரைபிளை ரஷ்யப் பேரரசு 1891இல் ஏற்றது. துலா, இஷெவ்ஸ்க் முதலிய நகரங்களின் ஆலைகளில் இது உருவாயிற்று. முதல் உலகப் போரின்போது சார் அரசுக்காக அமெரிக்காவின் ரெமிங்டன் ஆலையும் இதனைச் செய்தது. பின்னர்ப் பின்லாந்தின் கைக்குச் சென்றவற்றில் அந்நாட்டுப் படையின் ‘எஸ்.ஏ.’ முத்திரை கட்டமிட்டுப் பொறிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பட்டறைகள் பல ரைபிள்களைப் பிரித்துப் பழுது பார்த்தன. வெவ்வேறு துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒன்றாகப் பூட்டப்பட்டன. பழைய எண் கோடிட்டு அடிக்கப்பட்டு, புதிய எண் பக்கத்தில் பொறிக்கப்பட்டது. மரக்கட்டைக்கு அரக்குப் பூசி, இரும்பைக் கெட்டிக் கிரீசில் தோய்த்துக் கிடங்கில் அடுக்கினர். இவ்வாறு, பல கைகள் திருத்திய ஓலைச்சுவடி போல, ஒரே துப்பாக்கியில் பல காலங்களைப் படிக்க முடிகின்றது.

இதனை வாங்குபவரின் முதற்பணி அக்கிரீசைக் களைவது. இது தேவையான பணி. குழலின் உட்புறத்தையும் ஆராய வேண்டும். பழைய தோட்டாக்களின் தீமருந்து விட்டுச் செல்லும் உப்பு, ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுவதே இதற்கு மருந்து. மரத்தில் விழுந்த பள்ளத்தின்மீது ஈரத்துணி விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், ஆவியால் நார்கள் உப்பி மேலெழும். வறண்ட மரத்திற்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்ப்பர்.

இதுவரை செய்வது பேணுதல். உப்புத்தாளைக் கையில் எடுத்தவுடன் அழித்தல் தொடங்குகின்றது. மரத்தின் மேற்பரப்பிலுள்ள ஆலை முத்திரையும், யாரோ ஒரு வீரன் கத்தியால் கீறிய எழுத்தும் சில நிமிடத்தில் தூளாகிவிடும். உலோகத்தை இயந்திரத்தில் மெருகேற்றி மீண்டும் நீலமூட்டினால் பொறிப்பின் விளிம்புகள் மழுங்கும். பளபளப்பு மிகுந்த அத்துப்பாக்கியின் விலை, தேர்ந்த சேகரிப்பாளரிடம் குறைவதற்கும் காரணம் இதுவே.

சோவியத் அரக்கே பிற்காலப் பூச்சுத்தானே, அதனை நீக்கினால் என்ன என்று கேட்பாரும் உளர். அப்பூச்சு, வென்ற அரசொன்று அடுத்த போரை எதிர்பார்த்து ஆயத்தம் செய்ததன் சான்று, அதுவும் வரலாறே. ஆயின், வேட்டைக்கெனக் கட்டை வெட்டப்பட்டுக் குழல் குறுக்கப்பட்டவற்றில் பழைய உருவம் முன்பே போயிற்று. அவற்றைப் புதுப்பிப்பதில் இழப்பு மிகுதியன்று.

கொல்வதற்கென்றே பிறந்த கருவி இது என்பதை மறத்தல் ஆகாது. இதனை ஏந்தியவர்களுள் பெரும்பாலோர் பெயரற்றவர்கள். பலருக்குக் கல்லறையும் இல்லை. கட்டையின் தழும்பும் அடித்து எழுதிய எண்ணும் அவர்கள் கைபட்ட அடையாளங்கள். அவற்றைத் துடைத்து மெருகேற்றினால் எஞ்சுவது வரவேற்பறைக்கு உகந்த அழகிய மரச்சாமான். போர் மனிதருக்குச் செய்தது அதில் தெரியாது. துரு மேலும் அரிக்காமல் காப்பதும், தழும்பைத் தழும்பாகவே விடுவதும் பேணுவோர் கடன்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் பணி மேன்மேலும் ஓங்குக.