உரத்தின் ஈரம்



இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து எழும் அந்தச் சூடான வாசனையை வர்ணித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை. வாட்டி, உருட்டி, புளிக்கவிட்ட கொழுந்து, டிரையருக்குள் புகுந்து, ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் உஷ்ணமுள்ள காற்றில் காய்ந்து, நூற்றுக்கு 3 பங்கு ஈரத்தோடு கறுத்த தூளாக வெளியே வருகிறது. ஈரம் மிஞ்சினால் தூள் பூசணம் பிடிக்கும். உஷ்ணம் மிஞ்சினால் கருகல் வாடை ஏறும். அந்தக் கொழுந்தை வளர்க்கும் உரத்துக்கும் இதே பக்குவம் வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

சிறுவயதில், மழைக்காலம் ஒன்றில், தோட்டத்து உரக் களஞ்சியத்தில் நான் கண்ட காட்சி இன்னும் மனத்தில் நிற்கிறது. இறுகிக் கல்லாகிப்போன மூட்டைகளைச் சிமெண்டுத் தரையில் புரட்டிப் போட்டு, இரண்டு பேர் மரக்கட்டையால் மாறிமாறி இடித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த கட்டிகளின் கூர்முனை அவர்களுடைய உள்ளங்கையைக் கிழித்திருந்தது; அந்தக் கீறலில் உரம் பட்டு எரிந்த எரிச்சலை அவர்கள் முகமே சொல்லிற்று. அந்த உரத்தை மலையில் போட்டபோது, கட்டியாக விழுந்த இடத்தில் ஒரு செடியின் வேர் வெந்துபோக, அடுத்த செடி பட்டினி கிடந்தது.

உரம் ஏன் கல்லாகிறது? குருணையில் தங்கிவிட்ட சொற்ப ஜலம் உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, பின்பு காயும்போது, குருணைக்கும் குருணைக்கும் இடையே பளிங்குப் பாலம் ஒன்றைக் கட்டிவிடுகிறது. வெளிக்காற்றும் சும்மா இருப்பதில்லை. 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 73 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் யூரியா தானாகவே நீரை உறிஞ்சத் தொடங்கும். குளிரில் இந்த எல்லை சற்று உயருமெனினும், நமது மூடுபனி அதையும் கடந்தே நிற்கும்.

ஆகையால், பலசத்துக் குருணை உரம் செய்யும் ஆலைகளில், தொழிலாளர் வரிசைவீடான லயம் ஒன்றின் நீளமுள்ள இரும்பு உருளையைச் சற்றே சாய்வாகப் படுக்கவைத்து, மெதுவாகச் சுழலவிடுகிறார்கள். உட்சுவரில் பொருத்திய தகடுகள் ஈரக் குருணைகளை அள்ளி மேலே தூக்கிச் சென்று திரைபோலச் சொரிய, அனல்காற்று அத்திரையை ஊடுருவிப் பாய்ந்து ஈரத்தைப் பறித்துச் செல்ல, மறுமுனையில் ஈரம் 1 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. பின்பு சல்லடை, அதன் பின்பு குளிர்விக்கும் உருளை. சூட்டோடு மூட்டை கட்டினாலும் கட்டி பிடிக்கும் என்பதால் இந்தக் கடைசிப் படியை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. அம்மோனியா சேர்ந்த உரத்தை அளவுமீறிச் சூடாக்கினால், சத்தே வாயுவாகிப் பறந்துவிடும். யூரியாவின் மார்க்கம் வேறு. கரைசலின் நீரை ஆவியாக்கி, உருகிய குழம்பை உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து துளித்துளியாகச் சொரிந்து மணிகளாக்குகிறார்கள். அங்கே வெப்பத்தில் அதிக நேரம் வைத்துவிட்டால் பையூரெட் என்னும் பதார்த்தம் உண்டாகி, இலைமேல் தெளிக்கும்போது இலையைப் பொசுக்கும்.

நம் நாட்டிலேயே சப்புகஸ்கந்தையில் 1980களின் தொடக்கத்தில் எழும்பிய யூரியா ஆலை, மூலப்பொருளான நாப்தாவின் விலையைத் தாங்கமாட்டாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அது முதல் யூரியா கடல் கடந்தே வருகிறது. 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட எப்பாவலப் பாஸ்பேட்டுப் பாறை மாத்திரம் நம்முடையது. நீரில் எளிதில் கரையாத அந்தப் பாறைத்தூள், அமில மண்ணில் மெல்லக் கரைந்து தேயிலைக்குப் பயன்படுகிறது. இங்கும் ஈரமே பகை; பாறை ஈரமாயிருந்தால் ஆலையில் அரைபடாமல் அப்பிக்கொள்ளும். ஈரத்தூளை யூரியாவோடும் பொட்டாஷோடும் கலந்தால், மூன்றுமே சேர்ந்து கெட்டுப்போகும்.

நன்றாக உலர்ந்த உரம் உள்ளங்கையில் ஒட்டுவதில்லை, விரலிடுக்கில் மணலைப்போல் ஓடும். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து, வாளியோடு மலையேறப் போகும் தொழிலாளி மூட்டையின் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்ட மாத்திரத்தில், எங்கோ தூரத்தில் உலர்த்தும் யந்திரத்தின் முன் நின்றவர் தம் வேலையைக் கவனமாகச் செய்தாரா என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.