பழைய கணினிக்கு ஒரு துபாஷி

புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை அவருக்குத் துபாஷியாக விளங்கினார். 1736ஆம் ஆண்டு தொடங்கி அவர் எழுதிவந்த நாட்குறிப்பைத் தமிழர் பலரும் அறிவர். இரண்டு மொழி அறிந்தவர் என்பதே துபாஷி என்னும் சொல்லின் பொருள். பிரெஞ்சு ஆளுநருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர் வணிகருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவருக்கும் நடுவே துபாஷி இல்லையென்றால், கப்பலில் சரக்கு இருந்தும் வியாபாரம் நடவாது.

நம் மேசைமீது இருக்கும் கணினிக்குள்ளும் இத்தகைய துபாஷிகள் பலர் இருக்கின்றனர். ஆங்கிலத்தில் டிரைவர் என்றும், தமிழில் இயக்கி என்றும் அவற்றை அழைக்கிறோம். விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஒரு மொழி பேசுகிறது; இணையத்தோடு நம்மை இணைக்கும் வலையட்டை வேறொரு மொழி பேசுகிறது. இயக்கி என்னும் சிறு மென்பொருள் நடுவில் நின்று இரண்டையும் பேச வைக்கிறது. அது இல்லாதபோது வலையட்டை பழுதற்றதாக இருந்தும் ஊமையாகி விடுகிறது. பழைய இயங்குதளம் உள்ள கணினியில் இந்தத் துபாஷியை அமர்த்துவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய கணினியை எதற்காக வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மைசூரில் மொழிப்பணி செய்பவர்களுக்கு இதற்கு விடை தெரியும். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இயங்கிவருகிறது. மொழிபெயர்ப்பாளரும் அகராதிப் பணியாளரும் ஓய்வுபெற்ற பேராசிரியரும் இங்கே நிறைய உண்டு. அவர்களில் பலர் ஒருங்குறி பரவுவதற்கு முன்பே தமிழைக் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கியவர்கள். அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்தது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்குப் பின் தாம், தாப் என்ற இரண்டு குறியேற்றங்கள் தமிழ்நாட்டில் அரசின் ஏற்பைப் பெற்றன. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான கலைச்சொற் பட்டியல்களும் மொழிபெயர்ப்புகளும் இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிவதுண்டு. அவற்றை உருவாக்கிய பழைய மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஒழுங்காக ஓடுகிறது. ஆகவே ஒருவருடைய இருபது ஆண்டு உழைப்பு, எக்ஸ்பி ஓடும் ஒரே ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பது அரிய செய்தியன்று.

அத்தகைய பெட்டியில் விண்டோஸை மறுபடி நிறுவினால் முதலில் காணாமற்போவது இணைய இணைப்பே. இதற்குக் காரணம் எளியது. விண்டோஸ் எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009இல். ஓர் இயங்குதளத்தின் குறுந்தகட்டில் அது வெளியானபோது இருந்த வன்பொருள்களுக்கு உரிய இயக்கிகளே அடங்கியிருக்கும். பின்னர்ப் பிறந்த அட்டையை அது அறியாது. இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெற இயக்கி வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது.

இதற்கு வழி, வேறொரு கணினியின் உதவியை நாடுவதே. ஆனால் எந்த இயக்கி வேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்து கொள்ள வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்தால், இயக்கி இல்லாத கருவியின் அருகே மஞ்சள் நிறக் குறி ஒன்று தோன்றும். அதன் பண்புகளைத் திறந்து, விவரங்கள் என்ற பக்கத்தில் வன்பொருள் அடையாள எண்ணைப் பார்க்கலாம். அதில் 'வென்' என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் அட்டையின் சில்லைச் செய்தவர் யார் என்று சொல்லும். 'டெவ்' என்பதை அடுத்த நான்கு குறிகள் அது எந்த வகை என்று சொல்லும். 8086 என்றிருந்தால் அது இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் எண்ணும் அதுவே என்பதால் நினைவில் வைப்பது எளிது. 10ஈசி என்றிருந்தால் அது ரியல்டெக். இவ்வெட்டுக் குறிகளையும் தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

அடுத்து, உங்கள் கணினியை அல்லது அதன் தாய்ப்பலகையைச் செய்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் மாதிரி எண்ணைக் கொண்டு தேடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் சில்லைச் செய்த நிறுவனத்தின் தளத்துக்குச் செல்லுங்கள். எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் அறிமுகமற்ற தளங்களை அணுகாதீர்கள். இயக்கியோடு வேண்டாத விருந்தாளிகளும் அங்கிருந்து வரக்கூடும். இயங்குதளத்தின் பெயர் மட்டுமன்றி, அது 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். ஒன்றுக்கு எழுதிய இயக்கி மற்றொன்றில் வேலை செய்யாது.

தாய்ப்பலகையின் சிப்செட் இயக்கியை முதலில் நிறுவிவிட்டு, அதன் பிறகு வலையட்டையின் இயக்கியை நிறுவுவது நல்ல முறை. நிறுவும் நிரலோடு கிடைத்தால் அதை ஓட்டினாலே போதும். சுருக்கிய கோப்புறையாகக் கிடைத்தால், அதை விரித்து, டிவைஸ் மேனேஜரில் இயக்கியைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தேர்ந்து, ஐ.என்.எஃப். என்று முடியும் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். எந்த அட்டைக்கு எந்தத் துபாஷி என்பதை விண்டோஸுக்கு அறிவிக்கும் நியமன ஆணை போன்றது அந்தக் கோப்பு.

விண்டோஸ் 7 வைத்திருப்போர் இரண்டு இடறல்களை அறிந்திருக்க வேண்டும். யு.எஸ்.பி. 3.0 துளைக்கு உரிய இயக்கி அதில் இயல்பாக இல்லை. பென்டிரைவை அந்தத் துளையில் செருகிவிட்டு, கணினி அதைக் காணவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை இருந்தால் அதில் செருக வேண்டும். இல்லாவிடில் குறுந்தகட்டில் பதிந்து கொண்டுவர வேண்டும். மற்றொன்று, 64 பிட் விண்டோஸ் 7 மின்கையொப்பம் இல்லாத இயக்கிகளை ஏற்பதில்லை. புதிய முறைக் கையொப்பத்தை அறிந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட புதுப்பிப்பை முன்னதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இயக்கி அமர்ந்தபின் இணைப்பின் முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், அட்டை விழித்துக்கொண்டது, ஆயினும் ரௌட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று பொருள். கம்பியையும் ரௌட்டரையும் சோதிக்க வேண்டுமேயன்றி, இயக்கியை மீண்டும் மீண்டும் நிறுவிப் பயனில்லை. எக்ஸ்பியில் கம்பியில்லா இணைப்பு வேண்டுவோர் 2008இல் வந்த மூன்றாம் சர்வீஸ் பேக்கை நிறுவியிருத்தல் நலம். டபிள்யூ.பி.ஏ.3 என்னும் புதிய பாதுகாப்பு முறையை மட்டும் அமைத்துள்ள ரௌட்டரோடு எக்ஸ்பியும் விண்டோஸ் 7உம் இணைய மாட்டா. அங்கே கம்பி இணைப்பே வழி.

இனி, இன்னும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இணைக்க முடியும் என்பதனாலேயே இணைத்துவிடலாமா?

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும் முடிந்தது. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு வழக்கமான திருத்தங்கள் வருவதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தும், அதை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகளே பெரும்பாலும் அதற்கு இரையாயின. ஒரு கணினியில் புகுந்தால், அதே வலையில் உள்ள மற்றக் கணினிகளுக்கும் தானே தாவும் தன்மை அதற்கு இருந்தது. ஆகவே ஒரு பழைய பெட்டியை அலுவலக வலையில் சேர்ப்பது அதன் உரிமையாளருடைய சொந்த விவகாரம் மட்டும் அன்று. பக்கத்து மேசையில் இருப்பவரின் கோப்புகளும் அதனால் ஆபத்துக்கு உள்ளாகின்றன.

எனவே நான் கூறும் முறை இது. முதலில், இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலுள்ள இயக்கிகளையும் கோப்புகளையும் வெளித்தகடு ஒன்றில் படியெடுத்து விடுங்கள். பழைய கணினி இணையத்தைக் காண வேண்டிய தேவை இல்லாதபோது, அதையும் புதிய கணினி ஒன்றையும் தனியே ஒரு கம்பியால் இணைத்துக் கோப்புகளை மாற்றலாம். இயக்கி உதவும் நல்ல இடம் இதுவே. மாற்றிய கோப்புகளை உரிய குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்குக் கொணர்ந்து, பக்கம் பக்கமாக ஒப்புநோக்க வேண்டும். ஒற்றெழுத்தும் கொம்பும் இடம்மாறிப் போவது குறிமாற்றத்தில் வழக்கம். கணினி மட்டும் போதும், பழைய மென்பொருள் வேண்டாம் என்போர் லினக்ஸை நிறுவலாம். பெரும்பாலான வலையட்டைகளுக்கு உரிய இயக்கிகள் அதன் கருவிலேயே அடங்கியிருப்பதால், தேடி அலையும் வேலை குறைகிறது. இந்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளம் அவ்வகையைச் சேர்ந்ததே.

நேயர்களே, துபாஷியின் பணி இரு தரப்பாரும் பேசி முடிக்கும் வரைதான். பழைய கணினியில் நாம் அமர்த்தும் இயக்கியும் அவ்வாறே. பெட்டிக்குள் இருக்கும் தமிழ் வெளியே வந்து, நாளைய கணினியிலும் படிக்கத்தக்க வடிவத்தைப் பெறும் வரை அது உழைத்தால் போதும். அதன்பின் அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுக்கலாம். அந்தப் பெட்டியின் வன்தகடு எவ்வளவு நாள் தாங்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகையால் இந்த வேலையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளாமல் இந்த வாரமே தொடங்குவது நன்று.