கொட்டகையில் பிறந்த சபை

இன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போவோம். மில்வாக்கி நகரிலிருந்து தென்மேற்கே அரை மணி நேரம் போலக் காரில் போனால் விண்ட் லேக் என்றொரு ஏரி. அதையடுத்து விளைநிலங்களும் பண்ணை வீடுகளும். ஊரின் பெயர் நார்வே. பெயர்தான் நார்வே, பனிமலையும் இல்லை, கடலும் இல்லை. சின்ன மேடு ஒன்று உண்டு. மேட்டின் மேல் ஒரு லுத்தரன் தேவாலயம், பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம்.

அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர்கள் தங்கள் முதல் தேவாலயம் என்று கொண்டாடுவது இந்த மேட்டில் எழுந்ததைத்தான். இந்தக் குடியேற்றத்துக்கு வழங்கிய பெயரால் மஸ்கீகோ தேவாலயம் என்று பெயர். ஆனால் அதைப் பார்க்க இங்கே வருபவருக்கு ஏமாற்றம்தான். மரத்தால் ஆன அந்தப் பழைய கட்டடம் இப்போது ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் நிற்கிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லுத்தரன் சபை என்றதும் நம் நினைவுக்கு வருவது தரங்கம்பாடி. 1706இல் மிஷனரி சீகன்பால்குவை அங்கே அனுப்பிய அரசர் டென்மார்க்குக்கு மட்டுமல்ல, நார்வேக்கும் அரசர். 1814 வரை இரண்டும் ஒரே முடியின் கீழ் இருந்தன. தரங்கம்பாடிக்குச் சபை அரச ஆணையோடு வந்தது. விஸ்கான்சினுக்கு வந்த விதம் வேறு: குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்தார்கள், போதகர் இல்லாமல்.

1839இல் நார்வேயின் டெலிமார்க் என்ற மலைப்பகுதியிலிருந்து நாற்பது பேர் போல மில்வாக்கியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் போக நினைத்தது தெற்கே இல்லினாய்ஸுக்கு. மில்வாக்கிக்காரர்கள் நல்ல புஷ்டியான ஆள் ஒருவரையும் எலும்பும் தோலுமான ஆள் ஒருவரையும் அவர்கள் முன்னால் நிறுத்தி, "இவர் விஸ்கான்சின், அவர் இல்லினாய்ஸ். எது வேண்டும்?" என்று கேட்டார்களாம். அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது. நம்புகிறவர்கள் நம்பலாம். எதுவானாலும் அவர்கள் விஸ்கான்சினிலேயே தங்கிவிட்டார்கள். வாய்த்தது என்னவோ ஏரியோரச் சதுப்பு நிலம். கொசுவும் குளிர்காய்ச்சலும் முதலில் வந்தன; பிறகு காலராவும் வந்தது. கல்லறைத் தோட்டம் சீக்கிரமே நிறைந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்: இந்த நிலம் பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்களுடையது. 1833ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் அது அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது.

1840இல் ஈவன் ஹெக் என்பவர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். சொந்த நாட்டில் விடுதி நடத்தியவர். ஹவ்கே என்ற உபதேசியாரின் வழியில் நின்ற பக்திமான். இங்கே அவர் கட்டிய பெரிய மரக்கொட்டகை செய்யாத வேலை இல்லை. புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களுக்குச் சத்திரம், காய்ச்சல்காரர்களுக்கு ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக் கூடம் எல்லாம் அதுதான். கிளாவுஸ் கிளாவுசன் என்ற டென்மார்க்கு இளைஞர் 1843இல் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தர வந்தார். ஊர் மக்கள் கூடி, "நீரே எங்களுக்குப் போதகராக இரும்" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த அக்டோபர் 18ஆம் தேதி, ஒரு ஜெர்மன் லுத்தரன் போதகர் வந்து அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அந்தச் சடங்கு நடந்த இடம் ஹெக்கின் கொட்டகை! ஆயரும் இல்லை, அரச முத்திரையும் இல்லை. அன்றைய நார்வேயில் இதைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. அங்கே அப்போது போதகர் என்றால் அரசு அதிகாரி.

அதே ஆண்டு மேட்டின் மேல் தேவாலய வேலை தொடங்கியது. ஓக் மரங்களை வெட்டி, கோடரியால் செதுக்கி, கட்டை மேல் கட்டையாக அடுக்கினார்கள். நார்வேயின் டிராமன் நகர வணிகர் டோலெஃப் பாக்கே 400 டாலர் அனுப்பி உதவினார். 1845 மார்ச் 13 அன்று பிரதிஷ்டை நடந்தது. இதற்குள் ஒரு போட்டி. கோஷ்கொனாங் என்ற இன்னொரு நார்வேக் குடியேற்றத்துச் சபையார் பிந்தித் தொடங்கி, முந்திப் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். "முதலில் தொடங்கியது நாங்கள்", "முதலில் முடித்தது நாங்கள்" என்று இரண்டு தரப்புக்கும் பேச்சு உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

அதே 1845 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கா போனவர்கள் ஏமாந்து அழுகிறார்கள் என்று நார்வேப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. மஸ்கீகோக்காரர்கள் 80 பேர் கையெழுத்திட்டுப் பதில் கடிதம் எழுதினார்கள். நார்வேத் தலைநகரின் மோர்கன்பிளாடெட் நாளிதழ் அதை வெளியிட்டது. காய்ச்சலையும் வறுமையையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனாலும் இந்த நாட்டில் கிடைத்த சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். சதுப்பில் நின்றுகொண்டு அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். இரண்டே ஆண்டில், 1847இல், ஹெக்கின் வீட்டிலிருந்தே 'நூர்லீசெட்' என்ற நார்வே மொழிப் பத்திரிகையும் புறப்பட்டது.

பிறகு ஊர் தேய்ந்தது. மேற்கே நல்ல நிலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். மிஞ்சியவர்கள் 1869இல் புதுக் கோயில் கட்டிக்கொண்டு, பழையதை விற்றுவிட்டார்கள். வாங்கிய விவசாயி அதைத் தன் பண்ணையில் கொட்டகையாக வைத்துக்கொண்டார். கொட்டகையில் பிறந்த சபையின் கோயிலே கடைசியில் கொட்டகையானதைப் பார்த்தீர்களா? 1904இல்தான் லுத்தரன் சபையார் விழித்துக்கொண்டு, அதை மீட்டு, செயின்ட் பால் இறையியல் கல்லூரி வளாகத்தில் திரும்ப எழுப்பினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே போனால் முதலில் உறைப்பது அளவு. சின்ன மண்டபம். மேலே மாடத்தைத் தாங்கும் தூண்கள் வால்நட் மரத்தில் கையால் கடைந்தவை. பிரசங்க பீடம் உயரமாக எழுந்து நிற்கிறது. மாடத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் போதகர் நேருக்கு நேர் பார்க்கலாம். யாரும் தூங்க முடியாது. அலங்காரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தச்சு வேலையின் சுத்தம்தான் அலங்காரம். மண்குழியிலும் குடிசையிலும் தங்கியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாத சிரத்தை இது.

மேட்டுக்குத் திரும்பினால் ஒரு கல்லறையைத் தவறவிடாதீர்கள். ஈவன் ஹெக்கின் மகன் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஸ்காண்டிநேவியர்கள் நிறைந்த 15ஆவது விஸ்கான்சின் படைக்குக் கர்னல். 1863 செப்டம்பரில் சிக்கமாகா போர்க்களத்தில் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். மாநிலத் தலைநகர் மேடிசனில் அவருக்குச் சிலை உண்டு. 2020இல் இனவெறிக்கு எதிராகக் கிளர்ந்த கூட்டம் அந்தச் சிலையையே கவிழ்த்துவிட்டது. அடுத்த ஆண்டு பழுது பார்த்துத் திரும்ப நிறுத்தினார்கள். யார் சிலை என்று ஒரு நிமிடம் படித்துப் பார்த்திருக்கலாம்.

போகிறவர்கள் இலையுதிர் காலத்தில் போங்கள். அந்தப் பருவத்தில் விஸ்கான்சின், மின்னசோட்டா பக்கத்து நார்வேச் சபைகள் பல லூட்டஃபிஸ்க் விருந்து வைக்கும். காட் மீன் கருவாட்டைக் காரநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அலசி, வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருவார்கள், கொழகொழவென்று இருக்கும். கூடவே லெஃப்சே, நம் சப்பாத்தி போல மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி. ரொட்டிக்கு நான் உத்தரவாதம். மீன் உங்கள் துணிச்சல்.