கல்லூரி: அருகிலா, தொலைவிலா?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். இருபத்தைந்து ஆண்டுகளாக இம்மேடையில் பேசப்பெற்ற பொருள் அது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று இன்று நம் தெருவில் எவர்க்கும் எடுத்துரைக்கத் தேவையில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள் நம் திண்ணைகளில் எழும் வழக்கு வேறு. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்புவதா? அதைக் குறித்தே சில சொல்ல விரும்புகிறோம்.

திண்டிவனம் நமக்கு அருகில் என்கிறோம். கணக்கில் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. அதைத் தவறவிட்டால் கூட்டுரோட்டிலிருந்து நடை. செய்முறை வகுப்பு நீளும் நாளில் பேருந்தை விடுவதா, வகுப்பை விடுவதா என்று பிள்ளை தவிக்கிறான். வீடு திரும்பினால் மாட்டுக்குத் தீவனம், தங்கைக்குப் பாடம், இரவில் மின்வெட்டு. மரக்காணத்து உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பருவத் தேர்வும் வருகிறது. வீட்டில் இருக்கும் பிள்ளையை 'இன்று ஒரு நாள் வா' என்று அழைக்காத தந்தை நம்மில் எத்தனை பேர்? அழைப்பவர்மீது நாம் குறை கூறவில்லை, கூலி அப்படி. ஆனால் அந்த ஒரு நாள் வாரத்தில் மூன்று நாளாகிவிடுகிறது. எனவே தொலைவைக் கிலோமீட்டரில் அளவாதீர்கள். படிப்பதற்குப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் எஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள்.

சென்னைக்குச் சென்றால் சாதி பின்தங்கிவிடும் என்று இளைஞர் சிலர் நினைக்கின்றனர். இரட்டைமலை சீனிவாசனார் செங்கற்பட்டு வட்டாரத்தில் பிறந்து கோயமுத்தூரில் பயின்றவர். 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், அக்கலாசாலையின் நானூறு மாணாக்கருள் பத்துப்பேர் நீங்கலாக எல்லாரும் பிராமணர் என்கிறார். நெருங்கிப் பழகினால் தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமென்று அஞ்சி, வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு மணியடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வாராம். ஊரை விட்டு அத்தனை தொலைவு வந்தும் அந்த அச்சம் உடன் வந்தது. இன்றும் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் கல்லூரிகள் உள்ளன என்று நம் மாணவர்கள் வந்து சொல்லக் கேட்கிறோம். ஒளிந்துகொள்வதற்காக ஒருவன் தொலைவு செல்ல விரும்பினால் அது நடவாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கா சென்றதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அவர் 1912இல் பி.ஏ. தேறியது பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில், பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பில் தந்தையாருடன் வாழ்ந்துகொண்டு. நியூயார்க்குக்குப் புறப்பட்டது 1913இல். தந்தையார் மறைந்த அதே ஆண்டில், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் பிரிந்து. பரோடா மன்னரின் உதவித்தொகை கைக்கு உறுதியான பின்னரே அப்பயணம். இந்தக் கடைசிச் செய்தியை ஏனோ பேச்சாளர்கள் விட்டுவிடுகின்றனர்.

நம் பள்ளியில் படித்த ஒரு மாணவியைச் சொல்ல வேண்டும். சென்னையில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் இயற்பியல் கிடைத்தது. பாட்டி தடுத்தார், தாயார் காதணியை அடகு வைத்து அனுப்பினார். பத்தொன்பதாம் நாள் பெட்டியுடன் திரும்பிவிட்டாள். பாடம் கடினமில்லை, எவரும் இழிவுபடுத்தவுமில்லை. அரசு விடுதியில் இடம் ஒதுக்கும் பட்டியல் வரவில்லை. தனியார் விடுதிக்குக் கொடுக்க இரண்டாம் தவணைப் பணம் இல்லை. அவ்வளவே. ஆண்டு முழுவதும் வீட்டில் இருந்தாள். அந்த ஓராண்டில் இரண்டு முறை பெண்பார்க்க வந்தனர். அவள் தாயார் ஒருவரே உறுதியாக நின்று, மறு ஆண்டு திண்டிவனத்தில் சேர்த்தார். இன்று பட்டதாரி. ஆனால் எல்லாத் தாயாரும் அப்படி நிற்க முடியுமா?

உதவி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை 1944இலேயே தொடங்கியது. 2021இல் திருத்திய விதிகளில் கலை, அறிவியல் பட்டப் படிப்புக்கு விடுதியில் தங்குவோர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து செல்வோர்க்கு 3,000 ரூபாய் என வகுத்தனர். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இலும், ஆண்களுக்கு 2024இலும் தமிழகத்தில் தொடங்கப்பெற்றன. இவை யாவும் கல்லூரியில் சேர்ந்து, சான்றிதழ் சரிபார்த்து, வங்கிக் கணக்குக்கு வந்து சேர வேண்டியவை. பசியோ முதல் நாளே வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் திரும்பி வருவது பெரும்பாலும் முதல் ஐம்பது நாளுக்குள்தான்.

நம் கருத்தைக் கேட்பீராயின், விரும்பிய பாடம் அருகில் இருந்து, வீட்டில் தினம் நான்கு மணி நேரம் படிப்புக்கு விடப்படுமாயின் அருகிலேயே படிக்கட்டும், அதில் குறைவேதுமில்லை. எம்.சி. ராஜா அவர்கள் பிறந்த சென்னை வட்டாரத்திலேயே பயின்று ஆசிரியரானவர். அவ்வாறு விடப்படாத வீடாயின், அல்லது பெண்ணுக்கு வரன் பேச்சு தொடங்கிவிட்ட வீடாயின், தொலைவுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் விடுதி விண்ணப்பம் எந்நாளில் என்று கேட்டறியுங்கள். அங்கே முன்பே படிக்கும் நம் பிள்ளை ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள்.

சங்கத்திடம் நாம் வேண்டுவது ஒன்று. வெள்ளி விழாவுக்கு வளைவு கட்டலாம் என்று தீர்மானம் வந்துள்ளது. அத்தொகையை முதல் இரு மாத உணவுக்கும் தங்கலுக்கும் கடனாகத் தரும் நிதியாக்குங்கள். உதவித்தொகை வந்ததும் பிள்ளை திருப்பிச் செலுத்தட்டும். அடுத்த ஆண்டு அதே பணம் இன்னொருவருக்குச் செல்லும். முன்வரிசையில் இருப்போரில் ஐவர் சென்னைக்குச் செல்ல விரும்புகின்றனர். முதலாண்டு வகுப்புகளுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. பொருளாளரின் மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். தர இயன்ற தொகையை இன்று கலைந்து செல்லுமுன் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.