மாற்றுக் கல்லீரலுக்கும் காவல் வேண்டும்

(மதுரையில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நெல்பேட்டையிலிருந்தும் மேலூரிலிருந்தும் வளைகுடா வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் இளைஞர்களில் சிலர் 'அன்ஃபிட்' என்ற முத்திரையோடு திரும்புகிறார்கள். காரணம், இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி. உடம்பில் வலியில்லை, கண்ணில் மஞ்சளில்லை. ஆகவே வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். சகோதரர்களே! போனது விசா மட்டுமே. மறைத்தால் போவது கல்லீரல்!

இக்கிருமி பல்லாண்டுகள் ஓசையின்றித் தங்கிக் கல்லீரலைச் சுருக்கிவிடும்; புற்றுநோயையும் உண்டாக்கும். நோய் முற்றிக் கல்லீரல் செயலிழந்தால் மிஞ்சும் வழி மாற்று அறுவை சிகிச்சைதான். 1963இல் அமெரிக்காவில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் தொடங்கிய அந்த முயற்சி, நம் நாட்டில் 1998இல் வெற்றி கண்டது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் நடைபெற்றுள்ளது. இது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்போர் அறியட்டும்: ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளுடன் கூடும் என 1988இலேயே தீர்மானித்தது.

கல்லீரலை மாற்றிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. பழைய கல்லீரல் போனாலும் கிருமி உடலில் மிச்சமிருக்கும். தடுப்பு இல்லாத காலத்தில் பத்தில் எட்டுப் பேர் வரை நோய் திரும்பியது. இம்யூனோகுளோபுலின் ஊசியை நீண்ட காலம் போட்டால் அது வெகுவாகக் குறையும் என்று 1993இல் ஐரோப்பிய மருத்துவர்கள் காட்டினர். பிறகு வந்த லாமிவுடின் மாத்திரையைக் கிருமி மீறியது. இன்றோ என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகளின் துணையால் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நோய் திரும்புகிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இங்கேதான் சிந்திக்க வேண்டும். புதிய கல்லீரலைக் காக்கும் அதே மாத்திரை, உரிய நேரத்தில் தொடங்கினால், பிறவிக் கல்லீரலையே காக்குமே! 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் எல்லோருக்கும் தொடர் பரிசோதனை தேவை. இராசாசி அரசு மருத்துவமனையில் போய்க் காட்டுங்கள்.

கீழாநெல்லி போதும் என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டது உண்மை. பின்னர் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

நோயுற்ற சகோதரரை ஒதுக்காதீர்கள். ஒரே ஸஹனில் உண்பதால் இது பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவம், பிறர் சவரம் செய்த பிளேடு, ஒருவருக்குப் போட்ட ஊசி ஆகியவற்றால் பரவும். மனைவி மக்களையும் பரிசோதியுங்கள். கிருமி இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போடுங்கள். குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் போடுங்கள்.

கடைக் கணக்கை அன்றாடம் பார்க்கும் வணிகர்களே! உடலின் கணக்கை ஒருமுறையேனும் பாருங்கள்.