வீட்டுக்கு வந்த முதற் கார்



ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பிறப்பு, மணம், இறப்பு என்னும் இவற்றின் ஆண்டுகளைக் குறிப்பது வழக்கம். யாழ்ப்பாணத்து முதியோர் சிலர் இவற்றோடு இன்னும் ஓர் ஆண்டையும் சேர்த்துச் சொல்வர். அது வீட்டுக்கு முதற் கார் வந்த ஆண்டு. "இளையவன் பிறந்தது கார் வாங்கிய மறு வருடம்" என்று கணக்கிடுவோரும் உளர். பின்னாளில் அவர்கள் வேறு கார்கள் வாங்கியிருக்கலாம். அவற்றின் இலக்கங்கள் அவர்கள் நினைவில் நில்லா. முதற் காரின் இலக்கத்தை மாத்திரம் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் தடுமாறாது சொல்லிவிடுவர். அந்த அன்பின் காரணம் யாது?

அந்நாளில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இரண்டு கார்கள் பெரிதும் உலாவின. ஒன்று ஒஸ்ரின் ஏ 40. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் பிரித்தானியர் 1947 இல் 'டெவன்' என்னும் பெயரிலும், 1952 இல் 'சொமர்செற்' என்னும் பெயரிலும் அதனை வெளியிட்டனர். 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறக்குறைய 40 குதிரை வலுவும் உடையது அதன் இயந்திரம். மற்றையது 1948 இல் இலண்டன் கார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பெற்ற மொரிஸ் மைனர். உப்பிய கன்னமும் உருண்ட முதுகும் கொண்ட அந்தச் சிறு காரைக் கண்ட அளவில் குழந்தைகளும் சிரித்தனர்.

மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1906 இல் ஸ்மிர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர். மாதிரிக் கார் முடிந்தபோது, அது அகலம் போதாமல் ஒடுங்கி நிற்பதாக அவருக்குத் தோன்றிற்று. உடனே அதனை நெடுக்கே இரு கூறாக அறுப்பித்து, கூறுகளை மெல்ல மெல்ல அகற்றி, கண்ணுக்குப் பொருந்திய இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். மொரிஸ் மைனரின் பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளமேயாகும். நிறுவனத்தின் தலைவராகிய நஃபீல்ட் பிரபு அதனைப் பார்த்து, நீரில் உடைத்து அவித்த முட்டை போலிருக்கிறது என்று முகஞ் சுளித்தாராம். ஆயினும் பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்னும் தொகையை முதன்முதல் எட்டிய கார் அதுவே.

இத்தகைய காரொன்றை ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ வாங்குவது அந்நாளில் எளிதன்று. சீட்டுப் பிடித்த பணமும், மனைவியின் காப்பும், மைத்துனர் கொடுத்த கைமாற்றும் ஒன்றுசேர வேண்டும். பெரும்பாலும் அது முன்னரே ஒருவர் ஓட்டிய காராக இருக்கும். எனினும் வீட்டாருக்கு அது புதிது. படலை அகலம் போதாதென்று கதிகால் வேலியைப் பிரித்துக் கட்டுவர். மாட்டுக் கொட்டிலுக்கு அருகே கிடுகினால் ஒரு கொட்டகை எழும். முதற் பயணம் கோயிலுக்கு. நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனப் பொட்டும் பூமாலையும் இட்டு, மணப்பெண்ணை அழைத்து வருவது போலக் காரை வீட்டுக்கு அழைத்து வருவர்.

அதன் பின்னரே உண்மையான உறவு தொடங்கும். அக்காலத்துக் கார் ஊழியம் கேட்டது. காலையில் றேடியேற்றருக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். குச்சியை இழுத்து எண்ணெயின் அளவு பார்க்க வேண்டும். பற்றறி சோர்ந்தால் முன்புறத்தில் ஹாண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். பெருவிரலை மடித்துப் பிடியாமல் நான்கு விரல்களோடு சேர்த்து வைக்கவேண்டும் என்பது அதில் முதற் பாடம். இயந்திரம் திருப்பி உதைத்தால் விரல் முறியும் அல்லவா? ஹாண்டிலுக்கும் இணங்காவிடின் வீட்டார் அனைவரும் பின்னால் நின்று தள்ளுவர். திரும்பும் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே எழும். அது எழ மறுக்கும் வேளைகளில் உள்ளிருந்து தட்டிக் கொடுப்பது பின் ஆசனத்துப் பிள்ளையின் கடமை. இவ்வாறு ஒவ்வொருவருக்கும் அக்காரில் ஒரு பங்கு இருந்தது.

ஊருக்கும் பங்கிருந்தது. நள்ளிரவில் படலை தட்டப்படும். பிரசவ வேதனையில் ஒரு பெண்; அல்லது பாம்பு கடித்த ஒரு தோட்டக்காரர். காருடையவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவார். கூலி பேசுவதில்லை. பல நாட்களின் பின் ஒரு குலை வாழைப்பழமோ, ஒரு கடகம் மாம்பழமோ வாயிலில் வந்திருக்கும். அந்தக் காரிற் பிறப்புக்காகப் போன பிள்ளை, வளர்ந்த பின்னும் அதனைத் தன் கார் என்றே சொல்லும்.

நெடும் பயணங்களும் உண்டு. கொழும்புக்கு ஏறக்குறைய 250 மைல். விடியுமுன் எழுந்து, புளிச்சாதமும் இடியப்பமும் கட்டி, ஐவர்க்குரிய காரில் எண்மர் ஏறுவர். ஆனையிறவின் உப்புக் காற்றைக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையார் முன் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தாமல் அப்பாற் செல்வதில்லை. அங்கே மனிதர்க்கு இளைப்பாறலும் கடலையும். காருக்கு ஒரு வாளி தண்ணீர். பிள்ளைகள் நாட்டின் பரப்பை முதன்முதல் உணர்ந்தது புவியியற் புத்தகத்திலன்று. அந்தச் சிறு சன்னலின் வழியேதான்.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகிற்று. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள காரை ஓட்டுவதே வழியாயிற்று. உதிரிப் பாகங்கள் கிடையா. அப்போது பட்டறைக்காரரும் மெக்கானிக்குகளும் ஆசான்களாயினர். தேய்ந்த பாகத்தைக் கடைந்து புதிது செய்தனர். துருப்பிடித்த தகட்டை வெட்டி வேறு தகடு ஒட்டினர். 1990 களில் இலங்கையின் தென்பகுதியிலே மொரிஸ் மைனருக்குரிய தகடுகள் செய்யப்பெற்று இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன என்றால், நம் கைவினைஞர் திறத்துக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்தத் திறம் உயிர் காக்கும் காலமும் வந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புதிய கார்கள் முடங்கின. பழைய ஒஸ்ரினும் மொரிசும் ஓடின, மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் ஒரு சிறு போத்தலிற் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரம் அதனைப் பொறுத்துக்கொண்டது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆகவே அதனை அடிக்கடி மாற்ற வேண்டும். கரும்புகை கக்கி, இருமி இருமி, நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அந்தக் கிழக் கார்களே.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முதியோரையும் மூட்டைகளையும் சுமந்து சில கார்கள் அக்கூட்டத்தினூடே அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. எரிபொருள் இல்லாதோர் காரைக் கொட்டகையிலே விட்டு, கிடுகினால் மூடி, திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு நடந்தனர். 1996 இல் திரும்பியோரிற் சிலர் காரைக் கண்டனர். சிலர் வெற்றுக் கூட்டைக் கண்டனர். சிலர் கொட்டகையையும் காணவில்லை. கார் போன பின்னும் திறப்பை வைத்திருப்போர் உளர். பூட்டு இல்லாத திறப்பினால் பயன் யாது என்று இளையோர் கேட்பர். அதற்கு விடை சொல்லுதல் அரிது.

இப்பொழுது அந்த அன்பின் காரணம் விளங்கும். மனிதன் தனக்கு ஊழியஞ் செய்த பொருளை மதிக்கிறான். தான் ஊழியஞ் செய்த பொருளையோ நேசிக்கிறான். முதற் காரின் வேகத்தையும் சொகுசையும் எவரும் நினைந்து ஏங்குவதில்லை. வேகம் சிறிது, சொகுசு அதனினும் சிறிது. வியர்வை சிந்தித் தள்ளிய கையும், எண்ணெய் படிந்த நகமும், நள்ளிரவிற் கேட்ட படலைச் சத்தமுமே நினைவில் நிற்கின்றன.

இன்றைய கார் பலவகையிலும் மேலானது. இருக்கைப் பட்டியும் உறுதியான தடுப்பும் எத்தனையோ உயிரைக் காக்கின்றன. பழமையை நினைந்து அவற்றை இகழ்தல் பேதைமை. ஆனால் அதன் உள்ளம் கணினியினுட் பூட்டியிருக்கிறது. உடையவர் பொனற்றைத் திறந்தாலும் அவர் கைக்கு அங்கே பெரும்பாலும் வேலையில்லை. பழைய மெக்கானிக்குகளும் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். எஞ்சிய ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மெருகேறி, மணமக்களை ஏற்றிச் செல்லும் அலங்காரக் கார்களாகின்றன. கார்களைக் காக்கப் பலர் முன்வருவர். பழுதுற்றதைத் தூக்கி எறியாது, திறந்து பார்த்து, அறிந்து, திருத்தி மீண்டும் ஓடச் செய்யும் மனப்பாங்கைக் காப்பவர் யார்?

வீட்டில் முதியோர் இருப்பின், இளையோர் ஒரு மாலைப் பொழுதில் அவர்களிடம் முதற் காரின் இலக்கத்தைக் கேட்கட்டும். இலக்கம் உடனே வரும். அதன் பின்னே ஓர் ஊரின் கதையே வரும்.