திருவரங்கத்து அடுப்பில் ஓமம்

ஓமம் கொத்தமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெருமளவில் விளையும் ஓமம், திருச்சி காந்தி மார்க்கெட்டின் மளிகைக் கடைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. விதை என்று சொல்லி வாங்குவது உண்மையில் அதன் காய்ந்த கனி. அதன் எண்ணெயில் உள்ள தைமால் என்னும் பொருள்தான் காரத்துக்கும் மணத்துக்கும் காரணம். விரலால் கசக்கினால் மணம் எழும். எழாவிட்டால் சரக்கு பழசு.

ஓமப்பொடி பிழிகிறவர்கள் ஓமத்தை முழுதாக மாவில் போடுவதில்லை. அச்சின் நுண்ணிய கண்களை அது அடைத்துவிடும். ஊறவைத்து அரைத்து, வடிகட்டிய நீரைக் கடலை மாவும் அரிசி மாவும் கலந்ததில் விட்டுப் பிசைவார்கள். வாயுப் பண்டம் எனப்படும் கடலை மாவுக்கு ஓமம் துணை நிற்பது வெறும் ருசிக்காக அல்ல. ஓம ரசமும் ஓமக் குழம்பும் இதே அறிவில் பிறந்தவை.

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உண்டு. அங்கிருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மருந்தும் சமையலும் கைகோக்கும் நாள் தீபாவளி. ஓமம், சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி ஆகியவற்றை ஊறவைத்து விழுதாக அரைத்து, வெல்லம் சேர்த்துக் கிளறுவார்கள். நெய்யும் நல்லெண்ணெயும் விடவிட, விழுது கறுத்துச் சுருண்டு, கையில் ஒட்டாத பதம் வரும். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காயளவு. அதற்குப் பிறகுதான் பட்சணம். பலகாரம் மிகும் நாளில் செரிமானத்துக்கு முன்கூட்டியே வழி செய்யும் இந்த ஏற்பாடு, நம் சமையலின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்று.

சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் உண்டு. வயிற்றுப் பொருமலுக்கு வீடுகளில் ஓமத்தைக் கொதிக்கவைத்தும் குடிப்பார்கள். தொட்டியில் வளரும் ஓமவல்லி, அதாவது கற்பூரவல்லி, துளசிக் குடும்பத்துச் செடி. மணம் ஒத்திருந்தாலும் ஓமம் காய்ப்பது அதில் அல்ல. சளிக்குக் கஷாயமாகவும் மாலையில் பஜ்ஜியாகவும் அந்த இலை பயன்படுகிறது.

ஓமம் உஷ்ணம், ஒரு சிட்டிகை போதும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தாகக் கொடுக்க வேண்டாம். இரண்டு நாள் தாண்டியும் வயிற்றுவலி தீராவிட்டால் ஓமத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.